பட்டியலில் அடைபட்ட பூதங்கள்: போக்கிமான் சேகரிப்பு அட்டைகளில் கதை, விதி, விலை

ஆய்வுச் சுருக்கம்

விந்தை உயிரிகளின் உருவம் பொறித்த சேகரிப்பு அட்டைகள் பெரும்பாலும் வணிகப் பொருள்களாகவோ சிறுவர் விளையாட்டுக் கருவிகளாகவோ மட்டுமே நோக்கப்படுகின்றன. 1996ஆம் ஆண்டு ஜப்பானில் தொடங்கிய போக்கிமான் அட்டைகளைப் பனுவல்களாகக் கொண்டு இக்கட்டுரை வாசிக்கிறது. பூதங்களைப் பட்டியலிடும் எடோ காலத்து ஜப்பானிய மரபின் தொடர்ச்சியாக இவ்வட்டைகள் அமைவதும், உயிரியின் கதை அட்டையின் விளக்க வரியைவிட விளையாட்டு விதியில் செறிவாக வெளிப்படுவதும், பிற்கால அட்டைகளில் ஆற்றலும் விலையும் உயர உயரக் கதைக்கூறு தேய்வதும் இங்கு எடுத்துக்காட்டுகளுடன் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: போக்கிமான், சேகரிப்பு அட்டை, யோகாய், பட்டியல் மரபு, விளையாட்டு விதி, மெய்ப்பாடு

முன்னுரை

கணிதவியலாளரான ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்த ‘மேஜிக்: தி கேதரிங்’ 1993ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. வாங்கிச் சேர்த்தல், பிறருடன் மாற்றிக்கொள்ளுதல், ஆடுதல் ஆகிய மூன்றையும் ஒரே அட்டையில் இணைத்த முன்னோடி அது. மூன்றாண்டுகள் கழித்து, 1996 அக்டோபரில், ஜப்பானில் போக்கிமான் அட்டைகள் வெளியாயின. அவற்றின் ஆங்கிலப் பதிப்பு 1999 சனவரியில் வந்தது. 2024 மார்ச் வரை அச்சிடப்பட்ட போக்கிமான் அட்டைகளின் எண்ணிக்கை 6,480 கோடிக்கு மேல் என அதன் உரிமை நிறுவனம் குறிப்பிடுகிறது. இத்தனை பேர் கைக்குச் சென்று சேர்ந்த ஓர் அச்சு வடிவம் திறனாய்வின் பார்வையில் அரிதாகவே படுகிறது.

இவ்வட்டைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரு நிலைகளில் நின்றுவிடுகிறது. பொருளற்ற நுகர்வு என்று ஒதுக்குவது ஒன்று. ஏல விலையைச் சொல்லி வியப்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் அட்டையில் எழுதப்பட்டிருப்பது என்ன என்ற வினா எழுவதில்லை. ஆன் அலிசன் 2006இல் வெளியிட்ட நூலில், பொருள்களுக்கு உயிரேற்றிப் பார்க்கும் ஜப்பானிய மனப்பாங்கும் நுகர்வுப் பண்பாடும் இத்தகைய விளையாட்டுப் பொருள்களில் கலக்கும் வகையை விரிவாக ஆராய்ந்துள்ளார். அவ்வாய்வு பொருளின் சமூக வாழ்வை விளக்குகிறது. தனி அட்டை ஒன்றைச் செய்யுளைப் போல வரிவரியாக வாசிக்கும் பணி அதற்கு அடுத்தபடியாக நிகழவேண்டியது. அப்பணியை இக்கட்டுரை மேற்கொள்கிறது.

ஊர்வலத்திலிருந்து பட்டியலுக்கு

ஜப்பானிய நாட்டார் வழக்கில் பூதம், பேய், மாயவிலங்கு, உயிர்பெற்ற பழம்பொருள் ஆகிய அனைத்தையும் ‘யோகாய்’ என்னும் சொல் குறிக்கும். இவை இரவில் கூட்டமாகத் திரியும் ‘நூறு பூதங்களின் இரவு ஊர்வலம்’ என்னும் கருத்து பழைய ஓவியச் சுருள்களில் இடம்பெற்றுள்ளது. சுருள் ஓவியத்தில் பூதங்கள் ஒன்றையொன்று தொடர்ந்து செல்கின்றன. அங்குத் தனிப்பூதத்தைவிடக் கூட்டத்தின் ஆரவாரமே முதன்மை பெறுகிறது.

1776ஆம் ஆண்டு தொரியாமா செக்கியென் வெளியிட்ட மரச்செதுக்கு அச்சுநூல் இவ்வமைப்பை மாற்றியது. ஊர்வலத்தின் பெயரையே அந்நூல் தாங்கியிருந்தாலும், அதில் ஊர்வலம் கலைக்கப்பட்டு உயிரிகள் தனித்தனியே நிறுத்தப்பட்டன. ஒவ்வொன்றிற்கும் படமும் பெயரும் அளிக்கப்பட்டன. 1779, 1781, 1784 ஆகிய ஆண்டுகளில் வந்த தொடர்நூல்களில் விளக்கவுரையும் பெருகியது. இதற்கு முன்பே, 1712இல், தெராஜிமா ரியோஆன் தொகுத்த 105 தொகுதி கொண்ட படவிளக்கக் கலைக்களஞ்சியம் உலகப் பொருள்களை வகைப்படுத்தும் முறையைப் பரப்பியிருந்தது. செக்கியென் அம்முறையைப் பூதங்களுக்குப் பொருத்தினார். மைக்கேல் டிலன் ஃபாஸ்டர் 2009இல் வெளியிட்ட யோகாய் பற்றிய நூலில், எடோ காலத்தில் கலைக்களஞ்சிய நோக்கும் விளையாட்டு நோக்கும் பூதங்களைச் சூழ்ந்து ஒருங்கே வளர்ந்தன என்று காட்டுகிறார்.

இவ்விரு நோக்கும் ஒன்றுகூடிய வடிவம் ‘ஒபாகே கருத்தா’ என்னும் பூத அட்டை விளையாட்டு. ஒருவர் குறிப்பு அட்டையைப் படிப்பார். அதற்குரிய பூதத்தின் படத்தை மற்றவர்கள் விரைந்து எடுக்கவேண்டும். அதிக அட்டைகளைச் சேர்த்தவரே வென்றவர். எடோ காலத்தில் தோன்றிய இவ்விளையாட்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வழக்கில் இருந்தது. இங்கு அட்டையைப் பெறுவதற்கான தகுதி அறிவு. பூதத்தின் கதையை அறிந்த சிறுவனுக்கு அட்டை கிடைக்கும், அறியாதவனுக்குக் கிடைக்காது. போக்கிமான் அட்டைகளின் மூதாதை என இவ்விளையாட்டைக் கருதும்போது, இருநூறு ஆண்டுகளில் மாறியது எது என்பதும் தெளிவாகும். போக்கிமான் அட்டை மூடிய பொட்டலத்தில் விற்கப்படுகிறது. தொடக்கக்கால ஆங்கிலப் பொட்டலத்தில் 11 அட்டைகள் இருந்தன. அவற்றுள் அரிய வகை அட்டை ஒன்றே. அட்டையைப் பெறுவதில் அறிவு வகித்த இடத்தைப் பணமும் வாய்ப்பும் எடுத்துக்கொண்டன. அறிவுக்கான இடம், பெற்ற பிறகு ஆடும் நிலைக்குத் தள்ளப்பட்டது.

அட்டையின் உறுப்புகள்

முதல் தொகுதியைச் சார்ந்த அட்டை ஒன்றில் பெயர், உயிராற்றல் எண், படம், இனப்பெயர், நீளம், எடை, தாக்குதல்கள், வலுக்குறை, எதிர்ப்புத்திறன், சாய்வெழுத்தில் அமைந்த விளக்க வரி, ஓவியர் பெயர், வரிசை எண், அருமைக்குறி ஆகியவை இடம்பெறுகின்றன. வட்டம் பொதுவகையையும், சாய்சதுரம் இடைவகையையும், விண்மீன் அரிய வகையையும் குறிக்கும். 102 அட்டைகள் கொண்ட அத்தொகுதியில் சாரிசார்ட் என்னும் தீக்கக்கும் உயிரியின் எண் 4. அதன் நீளம் 5 அடி 7 அங்குலம், எடை 200 பவுண்டு. இல்லாத உயிரிக்கு எடை குறிக்கும் இந்நடை செக்கியென் காலத்துக் களஞ்சிய நோக்கின் நேரடி எச்சம். அளவு சொல்லப்பட்டவுடன் கற்பனை இயற்கை வரலாறாகிவிடுகிறது.

இவ்வுறுப்புகளுள் பெயர் தனிக்கவனத்திற்குரியது. நாட்டார் மரபில் பூதத்தின் பெயரை அறிதல் அதைக் கட்டுப்படுத்தும் வழியாகும். அட்டையுலகில் பெயர் உடைமையாகிறது. கடாப்ரா என்னும் உயிரியின் ஜப்பானியப் பெயர் தம் பெயரையும் கரண்டி வளைக்கும் தம் நிகழ்ச்சியையும் நினைவூட்டுகிறது என்று கூறி யூரி கெல்லர் 2000ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். அதன்பின் கடாப்ரா ஏறத்தாழ இருபது ஆண்டுகள் புதிய அட்டைகளில் தோன்றவில்லை. அவர் 2020இல் தம் எதிர்ப்பைக் கைவிட்ட பின்னரே, 2023இல், அவ்வுயிரி அட்டைக்குத் திரும்பியது. அதன் முன்வடிவமும் பின்வடிவமும் அச்சில் வந்துகொண்டிருக்க, நடுவில் நிற்கும் உயிரி மட்டும் மறைந்திருந்தது. பெயரால் கட்டுண்ட பூதம் என்னும் பழைய கதைக்கூறு சட்டத்தின் வழியே மீண்டும் நிகழ்ந்தது.

விதியே கதையாதல்

அட்டையில் கதை எங்கு உள்ளது என்ற வினாவிற்குச் சாய்வெழுத்து விளக்க வரியைச் சுட்டுவதே வழக்கம். கூர்ந்து வாசித்தால் அவ்வரியைவிட விதி வரிகளிலேயே உயிரியின் இயல்பு செயல்வடிவம் பெறுவதைக் காணலாம்.

சாரிசார்டின் விளக்க வரி, பாறையை உருக்கும் அதன் தீயைப் பற்றியும் எண்ணாமலே அது மூட்டும் காட்டுத்தீயைப் பற்றியும் கூறும். விதியோ, 100 அளவிலான சேதம் விளைக்கும் தாக்குதலுக்குப் பின் அதனுடன் இணைந்த ஆற்றல் அட்டைகள் இரண்டை நீக்கிவிடுமாறு பணிக்கிறது. எரிப்பது தானும் தீர்கிறது. தன் தீயைத் தானே கட்டுப்படுத்தவியலாத உயிரி என்ற செய்தியை ஆடுபவர் இழப்பாக உணர்கிறார்.

நைன்டேல்ஸ் என்பது ஒன்பது வால் நரி. சீன, ஜப்பானிய மரபுகளில் இந்நரி அழகிய பெண்ணாக உருமாறி அரசரை மயக்கும். தொபா பேரரசரின் அவையில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் தமாமோ நோ மாயே அக்கதைகளுள் புகழ்பெற்றது. அட்டையின் விளக்க வரி வாலைப் பற்றினால் ஆயிரமாண்டுச் சாபம் நேரும் என்று மட்டும் கூறுகிறது. மயக்குதலைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் ஆங்கிலப் பதிப்பில் ‘ஈர்த்தல்’ என்னும் பொருளுடைய அதன் தாக்குதல், எதிராளியின் பின்வரிசையில் காத்திருக்கும் உயிரியைக் களத்திற்கு இழுத்துவருகிறது. மறைவில் இருப்பவரை வெளியே வரச்செய்யும் மயக்கம் விதியில் உள்ளுறையாக நிற்கிறது. கதையை அறியாத சிறுவரும் அதை நிகழ்த்துகின்றனர்.

மேஜிகார்ப் என்னும் வலிமையற்ற மீன் கியாரடோஸ் என்னும் கொடிய உயிரியாக மாறுவது, அருவியேறிக் கடந்த கெண்டை நாகமாகும் என்ற சீனத் தொன்மத்தை அடியொற்றியது. மீனின் உயிராற்றல் 30. அதன் மேல் வைக்கப்படும் கியாரடோஸுக்கு 100. வடிவம் மாறும்போது நஞ்சு, உறக்கம் போன்ற நிலைகள் நீங்கும். பெற்ற காயங்கள் நீங்கா. பழைய அட்டை புதிய அட்டைக்கு அடியிலேயே கிடக்கும். வலிமை பெற்றவன் தன் பழைய காயத்துடனே வலிமை பெறுகிறான் என்னும் கருத்தை இவ்விதி சொல்லாமல் சொல்கிறது.

இத்தொடரில் மிகச் செறிவான எடுத்துக்காட்டு 1999இல் ஆங்கிலத்தில் வந்த இரண்டாம் தொகுதியில் உள்ள கியூபோன். மண்டையோட்டைத் தலைக்கவசமாக அணிந்த சிற்றுயிரி அது. இறந்த தாயின் மண்டையோடு அது என்பதைக் கணினி விளையாட்டின் விளக்கம் கூறும். அட்டையின் வரியோ, கவசத்தை அது ஒருபோதும் கழற்றாததால் அதன் உண்மை முகத்தைக் கண்டவர் இலர் என்பதோடு நின்றுவிடுகிறது. தாயின் பெயர் அட்டையில் இல்லை. ஆனால் அதன் தாக்குதல்கள் இரண்டு: விசும்பல், சினம். விசும்பினால் அடுத்த முறை எதிராளி தரும் அடி 20 குறையும். சினந்தால் 10 அளவிலான சேதமும், தான் பெற்றுள்ள ஒவ்வொரு காயக்குறிக்கும் மேலும் 10 சேதமும் விளையும். அதன் உயிராற்றல் 40. எனவே மூன்று காயங்களுடன் வீழ்ச்சியின் விளிம்பில் நிற்கும்போதே அது மிகக் கடுமையாகத் தாக்கும்.

தொல்காப்பியம் வகுக்கும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையும் வெகுளியும் அடங்கும். அழுகையின் நிலைக்களன்களுள் ஒன்று இழவு. மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்வு உடலின்வழிப் புலப்படுவது. கியூபோன் அட்டையில் இழவு கூறப்படவில்லை. அதன் புலப்பாடுகளாகிய அழுகையும் வெகுளியும் மட்டும் எண்களாக எழுதப்பட்டுள்ளன. இம்மெய்ப்பாட்டுக் கருத்து ஜப்பானிய வடிவமைப்பாளர்களின் மூலமன்று. வாசிப்புக்கு உதவும் கருவி மட்டுமே. அக்கருவியால் நோக்கும்போது, காரணத்தை மறைத்துப் புலப்பாட்டை மட்டும் காட்டும் இவ்வட்டை ஒரு சிறந்த குறும்பனுவலின் சிக்கனத்தை எட்டியிருப்பது விளங்குகிறது.

நிறைவுறாத தொகுதி

போக்கிமானைப் படைத்த சத்தோஷி தாஜிரி தோக்கியோவை ஒட்டிய மச்சிதாவில் வளர்ந்தவர். சிறுவயதில் பூச்சி சேகரித்த வயல்களும் குளங்களும் நகர வளர்ச்சியில் மறைந்ததையும், அம்மகிழ்ச்சியைப் பிற்காலச் சிறுவர்க்கு அளிக்க விரும்பியதையும் அவர் நேர்காணல்களில் கூறியுள்ளார். போக்கிமான் உலகில் ‘பரிணாமம்’ என வழங்கப்படுவது உண்மையில் பூச்சியின் உருமாற்றமே. கேட்டர்பி என்னும் புழு, மெட்டாபாட் என்னும் கூட்டுப்புழுவாகிப் பட்டர்ஃப்ரீ என்னும் வண்ணத்துப்பூச்சியாகிறது.

முதல் தொகுதியின் 102 அட்டைகளில் புழு உண்டு, கூட்டுப்புழு உண்டு, வண்ணத்துப்பூச்சி இல்லை. அது அடுத்த தொகுதியில்தான் வந்தது. பிட்ஜாட்டோ என்னும் பறவைக்கும் டிராகனேர் என்னும் நாகத்திற்கும் இறுதி வடிவங்கள் இவ்வாறே பின்தள்ளப்பட்டன. புழுவிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குச் செல்லும் காலத்தை இயற்கை நிர்ணயித்த இடத்தில் வெளியீட்டு அட்டவணை நிர்ணயிக்கிறது. சேகரிப்பவர் காத்திருக்கிறார், காத்திருத்தல் விற்பனையாகிறது.

பிற்காலத்தில் இந்நிறைவின்மை எண்முறைக்குள்ளேயே புகுந்தது. 2023இல் வெளியான ஒரு தொகுதியில் சிஞ்சி காண்டா வரைந்த மேஜிகார்ப் அட்டையின் எண் 203/193. மொத்தம் 193 என்று அறிவித்த பட்டியல் 203ஆம் அட்டையைக் கொண்டிருக்கிறது. முற்ற அறிதலே களஞ்சியத்தின் குறிக்கோள். தன் எல்லையைத் தானே மீறும் பட்டியல் அக்குறிக்கோளின் வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தைக் கைவிடுகிறது.

ஆற்றல் மிக, கதை தேய்தல்

முதல் தொகுதியில் சாரிசார்டின் உயிராற்றல் 120. 2020இல் வெளியான அதன் பேருருவ அட்டையில் அது 330. இவ்வளர்ச்சி எண்ணளவில் மட்டும் நிகழவில்லை. சிறப்பு ஆற்றல் பெற்ற அட்டை வகைகளில் சாய்வெழுத்து விளக்க வரி நீக்கப்பட்டது. நீளமும் எடையும் மறைந்தன. படம் அட்டை முழுதும் பரவியது. விதி எழுத்துகள் அதன்மேல் ஏறின. உயிரி தோற்றால் எதிராளிக்குக் கிடைக்கும் பரிசு அட்டைகள் இரண்டு, மூன்று எனக் கூடின. ஆக, மிகுந்த ஆற்றலும் பெரும்பாலும் மிகுந்த விலையும் உடைய அட்டைகளே கதை குறைந்த அட்டைகளாக உள்ளன. எளிய பொதுவகை அட்டைகளில் விளக்க வரி இன்னும் வாழ்கிறது.

இதற்கு மறுதலையாக ஓர் உண்மையையும் கூறவேண்டும். அண்மைக்கால ஓவியச் சிறப்பு அட்டைகளில் கதை படத்தின்வழி மீள்கிறது. மேற்குறித்த மேஜிகார்ப் அட்டையில், திரளும் நீருக்கிடையே துள்ளும் மீன் அருவியேறும் கெண்டையின் தொன்மத்தை விளக்க வரியின் துணையின்றி உணர்த்துகிறது. களிமண் உருவங்களைச் செய்து ஒளிப்படமெடுக்கும் யூக்கா மோரியின் அட்டைகளும் இவ்வகை மாற்றுப் பார்வையை அளித்துவந்துள்ளன. எனினும் விதியும் கதையும் ஒன்றாகிய கியூபோன் வகைச் செறிவை இவை எட்டவில்லை. இவற்றில் படம் ஒருபுறமும் விதி மறுபுறமும் நிற்கின்றன. பார்ப்பவருக்குக் கதை கிடைக்கிறது. ஆடுபவருக்கு எண் கிடைக்கிறது.

விலையும் உறையும்

ஒரு ஜப்பானியச் சிறுவர் இதழ் நடத்திய ஓவியப் போட்டிகளில் வென்றோர்க்கு 1998ஆம் ஆண்டளவில் 39 பிக்காச்சு அட்டைகள் பரிசளிக்கப்பட்டன. சிறுவரின் வரைதிறனுக்குக் கிடைத்த அப்பரிசுகளுள் ஒன்று 2021இல் 52,75,000 அமெரிக்க டாலருக்குக் கைமாறியது. இத்தகைய விலைக்கு அருமை மட்டும் காரணமாவதில்லை, பழுதின்மையும் வேண்டும். தரமதிப்பீட்டு நிறுவனங்கள் அட்டையின் மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படத்தின் நடுவமைவு ஆகியவற்றை ஆராய்ந்து 1 முதல் 10 வரை மதிப்பெண் வழங்கித் திடமான ஒளிபுகும் உறையில் அடைக்கின்றன. உறையிட்ட அட்டையைக் கலைத்தடுக்கி ஆட இயலாது.

அரிய நூலின் முதற்பதிப்பைக் கண்ணாடிப் பேழையில் வைப்பதுபோன்றதே இது, பனுவல் வேறு படிகளில் கிடைக்கத்தானே செய்கிறது என்று வாதிடலாம். இவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் நூலின் முதற்பதிப்பு விலையேறுவதால் மலிவுப்பதிப்பை வாசிப்பவர் கை கூசுவதில்லை. அட்டை அவ்வாறன்று. ஒவ்வொரு புதிய பொட்டலமும் நாளைய விலைப்பொருளாக இருக்கக்கூடும் என்பதால், பிரிக்கும் கணத்திலேயே அட்டை உறைக்குள் செல்கிறது. கியூபோனின் சினம் ஆடினால் மட்டுமே வெளிப்படும் பொருள். ஆடினால் மூலை மடங்கும். மடங்கினால் மதிப்பெண் குறையும். வாசிப்பே சேதமாகக் கருதப்படும் பனுவல் என்னும் அரிய நிலை இங்கு உருவாகிறது.

இவ்விரு போக்குகளின் முரண் இத்துறையின் தொடக்கத்திலேயே வெளிப்பட்டது. மேஜிக் விளையாட்டின் முதல் விதிகளில், ஆட்டந்தோறும் பணய அட்டை ஒன்றை வைத்து வென்றவர் எடுத்துக்கொள்ளும் முறை இருந்தது. அட்டைகள் கைமாறிக்கொண்டே இருக்கும் என்பது அதன் உட்பொருள். ஆனால் 1996இல் அதே நிறுவனம் குறிப்பிட்ட பழைய அட்டைகளை மீண்டும் அச்சிடுவதில்லை என்று சேகரிப்பாளர்களுக்கு உறுதியளித்தது. சுழற்சிக்காக எழுதப்பட்ட விளையாட்டு மூன்றே ஆண்டுகளில் தேக்கத்திற்கு உறுதிமொழி எழுதிற்று. போக்கிமானில் பணயம் இல்லை. ஆடுபவர் தம் கட்டிலிருந்தே ஆறு அட்டைகளைப் பரிசாக ஒதுக்கி, எதிராளியின் உயிரியை வீழ்த்துந்தோறும் அவற்றுள் ஒன்றைத் திரும்பப் பெறுகிறார். தன்னுடையதைத் தானே மீட்பதே வெற்றி என்னும் இவ்விதி சிறுவரின் உடைமைக்கு மதிப்பளிப்பது. அவ்விதியின் நயம் உறைக்குள் இருக்கும் அட்டைக்கு எட்டாது.

முடிவுரை

போக்கிமான் அட்டைகள் எடோ காலப் பூதப்பட்டியலின் வழிவந்தவை என்பதும், அம்மரபில் இணைந்திருந்த களஞ்சிய நோக்கும் விளையாட்டு நோக்கும் இவற்றில் தொடர்கின்றன என்பதும் இவ்வாய்வால் தெளிவாகின்றன. தொடக்கக்கால அட்டைகளின் இலக்கியத் தகுதி விளக்க வரியின் அழகில் இல்லை. உயிரியின் இயல்பை ஆடுபவரின் செயலாக மாற்றும் விதியில் உள்ளது. பிற்கால அட்டைகளில் விதி எண்ணாகவும் கதை படமாகவும் பிரிந்ததே இவ்வடிவத்தின் முதன்மையான இழப்பு. விலை அவ்விழப்பை உண்டாக்கவில்லை. ஆனால் ஆட்டத்தை அச்சத்திற்குரியதாக்கி அதை நிலைபெறச் செய்கிறது.

எனவே இத்துறையில் மேலும் நிகழவேண்டிய ஆய்வுகள் ஏலப் பதிவேடுகளைவிட ஆட்டக்களத்தை நாடுவது பயனுடையது. மூலை மடங்கி, மை தேய்ந்து, சந்தையில் மதிப்பிழந்த அட்டைகளே அதிகம் வாசிக்கப்பட்ட படிகள். பூதத்தின் கதையை அறிந்தவர்க்கே அட்டை உரியது என்ற ஒபாகே கருத்தாவின் பழைய அறம் இன்று எஞ்சியிருப்பது அத்தகைய படிகளைக் கையாளும் சிறுவரிடத்தேயாகும்.